கல்யாணத்துக்குக் கல்யாணம் வளர்ந்த கொடி

1967 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. திருச்சியிலிருந்து மானாமதுரை போகும் பாசஞ்சர் காலை ஆறே காலுக்குப் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் எதிரும் புதிருமாக இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்றில் நான். இன்னொன்றில் என் மனைவி சாரதா.

நான் கட்டடப் பொறியாளன். கல்வி இலாகா கேட்கும் கட்டட உறுதிச் சான்றிதழைக் கொடுக்க அனுமதி பெற்றவர்களில் ஒருவன். காரைக்குடிக்கு ஆறு மைல் தள்ளி, புதுவயலில், ஒரு பழைய செட்டியார் வீட்டில் பெண்கள் பள்ளி ஒன்று நடக்கிறது. அதைப் போன மாதம் பார்த்துவிட்டு வந்த வேறொரு பொறியாளர், 'கூடத்துச் சுவரில் முப்பத்தோரு அடி நீளத்துக்கு விரிசல். ஐயத்துக்குரியது' என்று எழுதிவிட்டார். இரண்டாவது கருத்துக்காக என்னை அனுப்பினார்கள். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் ஜூனில் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை.

சாரதா வேலையாக வரவில்லை. "அந்தப் பக்கத்து வீடுகளைப் பாத்ததே இல்லை. நானும் வரேன்" என்றாள். அவள் அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். பரோடாவில் இருந்தபோது மகளைக் கலை வரலாறு படிக்க வைத்தார். எம்.ஏ. முடித்த வருடமே எனக்கு மணமுடித்தும் கொடுத்தார். அதன் பிறகு பதின்மூன்று வருடங்களாக அந்தப் படிப்பை யாரும் எதற்கும் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மகனுக்குக் காமாலை கண்டபோது டாக்டர் சொல்வதற்கு முன்பே சொன்னவள் அவள். "கண்ணு வெள்ளையில இவ்வளவு மஞ்சள் முந்தாநாள் இல்லை" என்றாள். அதைத் தாயின் கவலை என்று எடுத்துக்கொண்டேன். படிப்பு என்று தோன்றவில்லை.

புதுக்கோட்டையில் ஏறிய ஜவுளி வியாபாரி ஒருவர் பேச்சுக்கு ஆள் தேடினார். நான் யார், எங்கே போகிறேன் என்பதெல்லாம் முடிந்ததும் சாரதாவிடம் திரும்பினார்.

"அம்மா என்ன படிச்சிருக்கீக?"

"கலை வரலாறு."

"படம் வரைவீகளோ?"

"இல்லை. மத்தவங்க வரைஞ்சதைப் பாப்பேன்."

அவர் சற்று யோசித்தார். "பாக்குறதுக்கு ஒரு படிப்பா? சரி, அதைப் படிச்சா என்ன கெடைக்கும்?"

"எனக்கு இவர் கெடைச்சார்" என்று என்னைக் காட்டினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லை எனக்கா, படிப்புக்கா என்று தெரியவில்லை.

திருமயத்துக்குப் பிறகு நிலம் சிவந்தது. பொட்டல், ஒரு கண்மாய், கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் அசையாமல் நிற்கும் எருமைகள், மறுபடியும் பொட்டல். வெயில் ஏற ஏற எல்லாமே கொஞ்சம் மிதந்தது. தண்டவாளத்துக்கு இணையாக ஒரு சைக்கிள்காரர் வெகு நேரம் எங்களோடு வந்தார். அவர் முந்தியதும் இல்லை, பின்தங்கியதும் இல்லை. பிறகு ஒரு பனைக்கூட்டத்துக்குள் போனார், வெளியே வரவில்லை.

காலை ஒன்பதரை. காரைக்குடி சந்திப்பு. வெளியே ஒரு கடையில் காப்பி, ஆளுக்குப் பதினைந்து பைசா. புதுவயல் பஸ்ஸுக்கு ஆளுக்கு இருபத்தைந்து பைசா. கண்டக்டர் எங்களைப் பார்த்ததுமே வெளியூர் என்று கண்டுகொண்டார்.

"அங்குட்டு நகந்து உக்காருங்க சார். புதுவயல்ல யாரு வீட்டுக்கு?"

பள்ளிக்கூடம் என்றேன்.

"மரியசெல்வம் டீச்சரா? எங்க அக்கா மக அங்கதான் படிக்குது. அது படிச்சுட்டு வந்து என் டிக்கெட் கணக்கைச் சரிபாக்குது சார், அதான் ஒரே தொந்தரவு." பஸ் முழுவதும் சிரித்தது.

பத்தே கால். புதுவயலில் இறங்கியதும் முதலில் தெரிந்தது வாசனை. வேகும் நெல்லின் வாசனை. ஊர் முழுக்க அரிசி ஆலைகள். அவித்த நெல்லின் ஆவி மதில்களுக்கு மேலே எழுந்து கலைந்தது. உமித்தூள் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. விழவும் செய்யாமல் பறக்கவும் செய்யாமல் வெயிலில் பொன்னாக மின்னியபடி அது தொங்கியது. லாரிக்காரர் ஒருவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மூட்டைகளின் மேலேயே தூங்கினார். அவர் புருவத்திலும் உமி. களத்தில் பெண்கள் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே வரிசையாக நடந்தார்கள். அந்த நடையில் ஓசையே இல்லை. எனக்கும் குரலைத் தாழ்த்திப் பேசத் தோன்றியது.

பள்ளி இரண்டு ஆலைகளுக்கு நடுவே இருந்தது. வாசலிலேயே தலைமையாசிரியை மரியசெல்வம் நின்றார். ஐம்பது வயதுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளைப் புடவை, கழுத்தில் சிறிய சிலுவை. சொந்த ஊர் காளையார்கோவில் பக்கம்.

"வாங்க சார், வாங்கம்மா. ரெண்டு பேரா வந்துருக்கீக? சுவர் அவ்வளவு மோசமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்திருந்தது.

முகப்பைத் தாண்டினால் வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம். அதைச் சுற்றிலும் தூண்கள். தூண்களுக்குப் பின்னால் பூட்டிய அறைகள் எட்டு. வடபுறம் நீண்ட கூடம். கூடத்தின் கிழக்குக் கோடியில் ஓர் அறை. ஐந்து வகுப்புகள் கூடத்தில், இரண்டு முகப்பில், எட்டாம் வகுப்பு அந்தக் கோடி அறையில்.

கூடத்துச் சுவரைப் பார்த்ததும் நான் வந்த காரியத்தை மறந்தேன். சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளை சேர்த்து, வாரக்கணக்கில் தேய்த்து ஏற்றிய பூச்சு. கல்லும் அல்ல, பீங்கானும் அல்ல, அசையாத பால் போல இருந்தது. எதிரே நின்றால் நம் உருவம் மங்கலாக உள்ளே தெரியும். முற்றத்தில் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு போனாள். சுவருக்குள் இன்னொருத்தி இன்னும் மெதுவாகப் போனாள்.

சுவரின் மேல்பகுதியில் வர்ணப் படங்கள். கப்பல், கிளிகள், ஒரு பழங்கால மோட்டார் கார். அவற்றுக்குக் கீழே, மேற்கிலிருந்து கிழக்காக, ஒரு கொடி. பச்சை இலைகளும் சிவப்புப் பூக்களுமாகக் கூடத்தின் நீளம் முழுக்க வளைந்து போய்க் கோடி அறைக்குள் நுழைந்தது. கொடியின் தண்டு கறுப்பு. கிட்டே போய்ப் பார்த்தேன். தண்டு கறுப்பு வர்ணம் மட்டும் அல்ல. உள்ளே ஒரு கோடு இருந்தது. அதுதான் முப்பத்தோரு அடி விரிசல்.

ஏணி வைத்துப் பார்த்தேன். அளந்தேன். எனக்கு முன்னால் வந்தவர் எழுதிய அளவு சரி.

சுவரில் விரிசல் இருப்பது பெரிய விஷயம் அல்ல. அது இப்போதும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. கட்டிய புதிதில் அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கி, விரிந்து, பிறகு அப்படியே நின்றுவிட்ட சுவர்கள் நூறு வருடம் நிற்கும். நகர்கிறதா என்று அறிய எங்களுக்கு ஒரே வழிதான். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையைக் காரையால் ஒட்டிவிட்டுக் காத்திருப்போம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. உடையாவிட்டால் இல்லை. குறைந்தது ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

டீச்சரிடம் இதைச் சொன்னேன்.

"சார், காரைக்குடியில நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. ஆனா இந்தப் புள்ளைகளை பஸ் ஏத்தி அனுப்ப மாட்டாக. அம்மாமாரெல்லாம் களத்துல நெல்லுக் காயப் போடுறவுக. பள்ளிக்கூடம் இல்லைன்னா மறுநாளே புள்ளை கையில வெளக்கமாறு. ஏழோட நின்ன பள்ளிக்கூடம் இது. எட்டாம் வகுப்பு வாங்குறதுக்கு ஆறு வருஷம் அலைஞ்சேன். இப்ப ஏழாவதுல பதினாறு புள்ளைக இருக்கு. ஜூன்ல அதுக எங்க போகும், நீங்களே சொல்லுங்க."

சந்தேகம் என்றால் சந்தேகம் என்றுதான் எழுத முடியும். அந்தச் சுவரின் கீழே குழந்தைகள் உட்காருகிறார்கள்.

பகல் ஒரு மணி. பின்கட்டில் குடியிருக்கும் விசாலாட்சி ஆச்சி எங்களுக்குச் சாப்பாடு அனுப்பியதோடு தானும் வந்து உட்கார்ந்தார். வீட்டின் எட்டுப் பங்காளிகளில் இவர் கணவரும் ஒருவர். அவர் காலமாகிவிட்டார். மற்றவர்கள் சென்னையிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர் ஆச்சி மட்டுமே. அரிசி களைந்த தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டேன்.

"சுவரைப் பாத்தீகளா? முட்டையே எத்தனை வண்டி வந்துச்சாம், எங்க மாமியார் சொல்லுவாக" என்றார் ஆச்சி. "கொடியைப் பாத்தீகளா? அது சும்மா கொடி இல்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் வளரும்."

"வளருமா?" என்றாள் சாரதா.

"ஆமாங்கிறேன். இந்த வளவுல ஒரு கல்யாணம்னா வர்ணக்காரரைக் கூப்பிட்டு, கொடியைக் கொஞ்சம் நீட்டி வரைவோம். வம்சம் தழைக்கிறாப்புல. கல்யாண வீட்டுல சுவர் வெடிச்சுக் கெடந்தா நல்லாவா இருக்கும்? எங்க கீறல் தெரியுதோ அங்குட்டு ரெண்டு இலை, நாலு பூ. பாக்குறவுக மனசும் குளிரும்."

நான் வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினேன். சாரதாவும் நிறுத்தினாள். ஆச்சி இருவரையும் பார்த்து, "உப்பு கூடிப்போச்சோ?" என்றார்.

கேட்டதை மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பதற்கு முன்பே உண்ட மயக்கம் வந்துவிட்டது. காலையில் பரீட்சை முடிந்து சின்னப் பிள்ளைகளும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஏழாம் வகுப்பு மட்டும் முகப்பில் பாடம் படித்துக்கொண்டிருந்தது. "செத்த நேரம் படுங்க சார், வெயில் தாழட்டும்" என்று டீச்சர் இரண்டு பாய்களைக் கூடத்தில் விரித்தார். நான் பாயை ஒதுக்கிவிட்டுத் தரையிலேயே படுத்தேன். பூ வேலை செய்த வழவழப்பான தரை ஓடு. முதுகின் கீழே ஓர் ஊருணி இருப்பது போன்ற குளிர்ச்சி. எங்கோ ஆலை ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் வாய்ப்பாடும் அதுவும் கலந்து வந்தன. கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்தது கொடிதான். அது மெதுவாக, யாரும் பார்க்காதபோது மட்டும், ஓர் இலை விடுவதாகத் தோன்றியது. கனவிலும் அதுவே வந்தது. கொடி சுவரை விட்டு இறங்கி, தூங்குகிற லாரிக்காரர்களையும் எருமைகளையும் சுற்றிக்கொண்டு, எங்கள் ஊர் வரைக்கும் தண்டவாளத்தின் மேலேயே படர்ந்து போனது.

மூன்றரை மணிக்கு விழித்தேன். முகத்தருகே ஒரு வெளிச்சம் ஓடியது. சுவரில் ஒரு தட்டளவு வெயில், மீன் போல நீந்திக்கொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். முற்றத்தின் ஓரத்தில் சாரதா டீச்சரின் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேற்கே சாய்ந்த வெயிலை அதில் வாங்கி, சுவரை உரசிக்கொண்டு போகும்படி பக்கவாட்டில் அனுப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீச்சரும் ஆச்சியும்.

"என்ன செய்கிறாய்?"

"இருட்டுக் குகையில் சித்திரம் பாக்க இப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நேரே வெளிச்சம் விழுந்தா வர்ணம் தெரியும். பக்கவாட்டில விழுந்தா மேடுபள்ளம் தெரியும். இங்க வாங்க. இந்த இலையைப் பாருங்க."

மேற்குக் கோடியில் முதல் இலை. அது தண்டின் ஒருபுறம் தொடங்கி மறுபுறம் முடிகிறது. அதாவது விரிசலைக் குறுக்கே கடக்கிறது. வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கும் ஒரு மயிரிழை நிழல் விழவில்லை. வர்ணம் முழுசாக இருந்தது.

"விரிசல் முதல்ல வந்திருக்கு. அதைச் சுண்ணாம்பு வச்சு அடைச்சுட்டு, மேல தண்டு வரைஞ்சு, குறுக்கே இலை போட்டிருக்காங்க. இலை போட்ட பிறகு சுவர் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் இலை கிழிஞ்சிருக்கணும் இல்லையா?"

நான் ஏணியில் ஏறினேன். அடுத்த இலையும் முழுசு. அதற்கு அடுத்ததும் முழுசு. நான் மழைக்காலம் முழுக்க ஒட்டிவைத்துக் காத்திருக்க நினைத்த கண்ணாடிப் பட்டையை யாரோ ஒருவர் வர்ணத்தில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

"எப்போது வரைந்தது என்று தெரிந்தால்தானே? போன வருடம் வரைந்திருந்தால்?" என்றேன். அது என் கடமை.

வெளிச்சம் மேலே தாவிக் காரின் மேல் நின்றது. "பாருங்க. பித்தளை விளக்கு, மடக்குற துணிக் கூரை, ஓட்டுறவருக்குக் கதவே இல்லை. இது முதல் யுத்தத்துக்கு முந்தின கார். பணக்கார வீட்டுச் சுவர்ல புதுசா வந்ததைத்தான் வரையச் சொல்வாங்க. பழைய மாடலை யார் வரையச் சொல்வா? அதோட டிரைவர் கையைப் பாருங்க."

டிரைவர் கையில் சாட்டை இருந்தது.

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். "அம்பத்தஞ்சு வயசுல இன்னைக்குத்தான் பாக்குறேன்! குதிரையைக் காணோம், சாட்டை மட்டும் இருக்கு!"

"வரைஞ்சவர் அதுவரைக்கும் குதிரை வண்டியைத்தான் வரைஞ்சிருக்கார். காரை ஒருதரமோ ரெண்டுதரமோ பாத்திருப்பார். இப்ப கீழே வாங்க. சக்கரத்துக்கு அடியில ஓர் இலை நுனி மறைஞ்சு போகுது பாருங்க. இலை மேலேதான் சக்கரம் வரைஞ்சிருக்கு. அப்ப இலை காருக்கு முன்னாலயே வரைஞ்சது. ஐம்பது வருஷத்துக்குக் குறையாது."

விரிசலை அடைத்திருந்த சுண்ணாம்புக் காரையில் கத்தி முனையை வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. தட்டினேன். கெட்டியான ஓசை. ஐம்பது வருடமாக அசையாத சுவர். இதைவிட நல்ல சான்று எந்தக் கண்ணாடியும் தந்திருக்காது.

மரியசெல்வம் டீச்சர் மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "அம்மா, நீங்க நல்லா இருப்பீக" என்று சாரதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "காப்பி போடச் சொல்றேன். பள்ளிக்கூடம் பொழச்சுச்சு."

சாரதா கையை விடுவிக்கவில்லை. ஆனால் அவள் கண் கிழக்கே போயிருந்தது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். மகனின் கண்ணைப் பார்த்த பார்வை.

"டீச்சர், செத்த நேரம் பொறுங்க" என்றாள். அந்த ஊர்ச் சொல் அவளுக்கு அதற்குள் ஒட்டியிருந்தது.

கண்ணாடியை இருவருமாகக் கிழக்கே எடுத்துப் போனோம். மேற்கிலிருந்து இருபத்திரண்டு அடி வரை ஒரே கை வரைந்தது. இலைப் பச்சையில் பழுப்பு கலந்திருந்தது, நரம்புகள் மயிர் போல மெல்லியவை. அதன் பிறகு பச்சை மாறியது. கடையில் டப்பாவில் வாங்கும் பச்சை. இலையெல்லாம் ஒரே அச்சு. நரம்பே இல்லை. கோடி அறை வாசலுக்கு மேலே வெளிச்சம் நின்றது. அங்கே ஓர் இலை நடுவில் இரண்டாகியிருந்தது. ஒரு பாதி மற்றப் பாதியைவிட நூல் அளவு கீழே இறங்கியிருந்தது. அறைக்குள் இன்னும் மூன்று இலைகள், மூன்றும் அப்படியே.

"ஆச்சி, இந்தப் பக்கம் எப்ப வரைஞ்சது?"

"அது என் கொழுந்தன் மக கல்யாணத்துக்கு. நயா பைசா வந்த வருஷம். மொய்ப்பணத்தை எந்தக் காசுல எண்ணுறதுன்னு ஒரே சண்டை. போர்டு எழுதுறவரை விட்டுத்தான் நீட்டச் சொன்னோம். வெடிப்பு கொஞ்சம் இங்குட்டுத் தள்ளி வந்திருந்துச்சு..." அவர் நிறுத்தினார்.

பத்து வருடம். அந்தப் பத்து வருடத்துக்குள் இலை கிழிந்திருக்கிறது. பழைய பகுதி செத்த விரிசல். இந்த ஒன்பது அடி உயிரோடு இருக்கிறது. நான் இதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

டீச்சர்தான் முதலில் பேசினார். குரல் மாறியிருந்தது.

"அப்ப எட்டாம் வகுப்பு அறை?"

"அந்த அறைக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது" என்றேன்.

"ஒரு இலை கிழிஞ்சதுக்கு ஒரு வகுப்பையே மூடுவீகளா?" என்னை விட்டுவிட்டுச் சாரதாவைப் பார்த்தார். "ஏம்மா, நீங்க சொல்லலைன்னா சார் அந்த இலையைப் பாத்திருப்பாகளா?"

"பாத்திருக்க மாட்டார்."

"பின்னே?"

"நான் பாத்துட்டேனே, டீச்சர்."

சாரதாவின் கையிலிருந்த கண்ணாடி தாழ்ந்துவிட்டது. வெளிச்சம் தரையில் அவள் கால் அருகே கிடந்தது.

நான்கே கால். வெளியே போய்ப் பார்த்தேன். காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. பக்கத்து ஆலையில் நெல் ஊறவைக்கும் தொட்டியின் தண்ணீர் தினமும் சுவரோரமாக ஒரு மண் வாய்க்காலில் ஓடுகிறது. கோடி அறையின் மூலையில் மண் சேறாகி, கட்டைவிரலை அழுத்தினால் உள்ளே போயிற்று. ஆலை ஆச்சியின் குடும்பத்து இடத்தில்தான் குத்தகைக்கு நடக்கிறது. ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். "யாருப்பா அங்கிட்டு? வாய்க்காலைத் திருப்புங்க! நாளைக்கு இல்லை, இன்னைக்கு!" பிறகு எங்களிடம் திரும்பி, "எங்க வீட்டுக் கொடி நல்லாத் தழைக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இத்தனை நாளும் சுவருதான வெடிச்சிருக்கு" என்றார்.

வாய்க்காலைத் திருப்பினால் சுவர் ஒருநாள் நிற்கலாம். ஆனால் ஜூனுக்குள் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புக்குத் தனி அறை வேண்டும் என்பது விதி. டீச்சர் வளவைச் சுற்றிப் பார்த்தார். எட்டுப் பூட்டிய கதவுகள்.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே அந்த அறைகளை அறை என்று சொல்வதில்லை, வீடு என்கிறார்கள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஒரு வீடு. அதில் அவன் மனைவி கொண்டுவந்த சீர்ச் சாமான்கள். பங்காளி பினாங்கில் இருந்தாலும் அவர் வீட்டை மற்றவர் திறக்கக் கூடாது. கல்யாணம் என்றால் மட்டும் திறக்கும். ஏழு கதவுகளைக் கேட்டுப் பயனில்லை என்பது டீச்சருக்குத் தெரியும். எட்டாவது ஆச்சியுடையது. அதைக் கேட்க முடியாது என்பதும் தெரியும். அவர் கேட்கவில்லை.

ஆச்சி இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நான் என் வேலையைச் செய்தேன். கிழிந்த இலைகளின் குறுக்கே நான்கு கண்ணாடிப் பட்டைகள் ஒட்டினேன். கோடி அறையிலிருந்த பெஞ்சுகளை வெளியே எடுக்கச் சொன்னேன். டீச்சர் தானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். மறுமுனையைச் சாரதா பிடித்தாள். நான்காவது பெஞ்சில்தான் டீச்சர், "பாத்துப் போங்க, படி இருக்கு" என்றார்.

ஐந்து மணிக்குப் பின்கட்டிலிருந்து ஆச்சி வந்தார். முகம் கழுவி, வேறு புடவை கட்டியிருந்தார், ஏதோ விசேஷத்துக்குப் போகிறவர் போல. மூன்றாவது கதவுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார். கதவு சுலபமாக விடவில்லை, தோளால் தள்ளினார்.

"பினாங்குல இருக்கறவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இது என் வீடு. எனக்குப் புள்ளை இல்லை, யாருக்குக் கல்யாணம் பண்ணி இதைத் திறக்கப் போறேன்? டீச்சர், புள்ளைகளைக் கூப்பிடுங்க. சாமானைப் பின்கட்டுக்கு மாத்தணும். பித்தளையைப் போட்டு நசுக்கிறாதீக, எங்க அப்பச்சி பாத்துப் பாத்து வாங்கினது."

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி. சந்துப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல். சுவரைத் தட்டிப் பார்த்தேன், நல்ல சுவர். போதும் என்றேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேரும் வரிசையாக வந்தார்கள். ஜூனில் அங்கே உட்காரப் போகிறவர்கள் அவர்களே. ஒருத்தி கையில் குடம், ஒருத்தி கையில் தூக்கு, அடுத்தவள் தலையில் அண்டா. பர்மாவிலிருந்து வந்த சிவப்பு அரக்குக் கூடைகள், பூப் போட்ட பீங்கான் பாத்திரங்கள், பிரிக்கப்படாத வைக்கோலோடு கண்ணாடிக் கிண்ணங்கள். சாய்ந்த வெயில் முற்றத்தில் நிறைந்திருந்தது. உமித்தூள் அதிலே மிதந்தது. பித்தளையெல்லாம் வெயிலை வாங்கிச் சுவரில் எறிந்தன. கூடத்துச் சுவர் முழுக்க வெளிச்சங்கள் கொடியின் மேல் ஏறி இறங்கி நீந்தின. சுவருக்குள் இன்னொரு பெண்கள் வரிசை, இன்னும் மெதுவாக, இன்னும் மௌனமாக, எதையோ ஏந்திக்கொண்டு எங்கோ போனது. ஆச்சி தூணில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அனுப்பினார். "அது பொங்கப் பானை. அது பன்னீர்ச் செம்பு. அது என்னன்னு எனக்கே மறந்துபோச்சு, போ."

ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு டீச்சர் வாசல் வரை வந்தார். சாரதாவிடம், "கோபத்துல கேட்டுட்டேம்மா" என்றார்.

"நியாயமாத்தான் கேட்டீங்க."

"உங்களை மாதிரிப் படிக்கணும்னா எங்க படிக்கணும்? பதினாறுல ஒண்ணு கேட்டா சொல்லணுமில்ல."

சாரதா சொன்னாள். பஸ் வந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது.

இரவு ரயிலில் கூட்டம் இல்லை. விளக்கு மங்கல். அறிக்கையை மடியில் வைத்து எழுதினேன். 'ஆய்வு முறை' என்ற கட்டத்தில் வழக்கமாகக் கண்ணாடிப் பட்டை என்று எழுதுவேன். இந்த முறை, 'சுவரில் வரைந்த இலைகளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஆராய்ந்து' என்று எழுதினேன். 'ஆய்ந்தவர்' என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே அவள் பெயரையும், எம்.ஏ., கலை வரலாறு என்றும் எழுதினேன்.

"சிரிப்பாங்க" என்றாள்.

"நான் இருபது வருடமாக விரிசல் பார்க்கிறேன். அந்த இலையைப் பார்க்கவில்லை."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பார்த்தாள்.

திருச்சியில் எங்கள் வீட்டுச் சுவர்களை ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிறோம். தூய்மையான சுவர்கள். அவற்றில் எது எப்போது நகர்ந்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஊர் திரும்பிய இரவு அது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பு ஆச்சியின் வீட்டில் நடக்கிறது. கோடி அறையில் ஒட்டிய நான்கு கண்ணாடிகளில் ஒன்று முதல் மழையிலேயே உடைந்ததாக டீச்சர் எழுதியிருந்தார். கல்வி இலாகா அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது: கலை வரலாறு என்பது கட்டடப் பொறியியலில் எந்தப் பிரிவைச் சேர்ந்தது?

பல நாள் யோசித்தேன். நேற்றுத்தான் பதில் எழுதினேன். 'நேரில் வந்து பார்க்கவும். பிற்பகல் மூன்றரை மணிக்கு வருவது நல்லது. கைக்கண்ணாடி ஒன்று கொண்டு வரவும்.'